நைட் மெயிலில் ஓர் அறை நமக்கே: கொழும்பு–பதுளை இரவு ரயிலில் தனி அறை பிடிக்க முழுமையான வழிகாட்டி

நைட் மெயிலில் ‘தனி அறை’ என்று ஒரு டிக்கட் கிடையாது. விற்பது படுக்கையைத்தான். ஓர் அறைக்கு இரண்டு படுக்கை, மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் உங்கள் கையில் இருந்தால் அந்த அறை விடியும் வரை உங்களுடையது. ஒன்று மட்டும் இருந்தால் மற்றதில் யார் வந்து படுப்பார் என்று கொழும்புக் கோட்டை ஸ்டேசனில்தான் தெரியும். தனி அறை கிடைக்காமல் போகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். டிக்கட் தீர்ந்துபோய் அல்ல. கிடைத்த இரண்டு டிக்கட்டும் வேறு வேறு அறையில் விழுந்துவிடுவதால்.

எதை வாங்குகிறோம்

உங்களுக்கு வேண்டியது முதலாம் வகுப்புப் படுக்கை. கவுன்டரில் ‘பர்த்’ என்று கேட்டாலே புரியும். இதை விட்டுவிட்டு ‘ஸ்லீப்பரெட்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். ஸ்லீப்பர் என்று தொடங்குவதால் படுக்கை என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். ஸ்லீப்பரெட் என்பது பின்னால் சாய்கிற இருக்கை. கதவும் கிடையாது, மறைப்பும் கிடையாது. பகல் ரயில்களில் வரும் ஒப்சர்வேஷன் பெட்டியும் முதலாம் வகுப்புதான். அது சன்னல் வழியே மலை பார்க்கிறவர்களுக்கு, தூங்குகிறவர்களுக்கு அல்ல. ஆகவே ‘முதலாம் வகுப்பு’ என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அதன் பக்கத்தில் படுக்கை என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எத்தனை பேர் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இருவர் என்றால் ஓர் அறை, பிரச்சினையே இல்லை. நால்வர் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. சிக்கல் மூவருக்குத்தான். அம்மா, அப்பா, டிக்கட் எடுக்கும் வயதுப் பிள்ளை என்று போனால் மூன்றாவது படுக்கை அடுத்த அறையில்தான் கிடைக்கும். அங்கே அறிமுகமில்லாதவர் ஒருவர் இருப்பார். அப்படியானால் அம்மாவும் பிள்ளையும் ஓர் அறையில் படுக்கட்டும், அப்பா மற்ற அறைக்குப் போகட்டும். கைக்குழந்தை என்றால் கீழ்ப் படுக்கையில் சுவர்ப் பக்கமாகப் போட்டு, அம்மா வெளிப்பக்கம் படுக்கலாம். மேல் படுக்கையில் குழந்தையைப் போடவே வேண்டாம். பாதை முழுக்க வளைவு. மேலே ஆட்டம் கூடுதல்.

உங்கள் ஊருக்கு இது தேவைதானா

டிக்கட் தேடும் முன் இதை யோசித்துவிடுங்கள். கொழும்பிலிருந்து பதுளைக்குச் சுமார் 290 கிலோமீட்டர். நைட் மெயில் பத்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். இரவு எட்டரை மணியளவில் கோட்டையை விட்டால் பேராதனைச் சந்திக்கு வரும்போது பதினொரு மணி தாண்டியிருக்கும். ஹட்டனில் இறங்குகிறவர் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில் எழும்ப வேண்டும். நானுஓயாவுக்கு மூன்று, மூன்றரை. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளைக்காரர்கள்தான் விடிய விடியத் தூங்க முடியும்.

அதனால் எங்கள் கணிப்பு இதுதான். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கோ கொட்டகலைக்கோ போகிறவர் அறைக்குச் செலவழிப்பது அவ்வளவு லாபமில்லை. படுத்து, கண் அயர்ந்து, நல்ல தூக்கம் பிடிக்கும் நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் அதே ஹட்டன்காரர் கொழும்புக்குப் போகும்போது கணக்கு தலைகீழ். பதுளையிலிருந்து மாலை ஆறு மணியளவில் புறப்படும் நைட் மெயில் இரவு பதினொரு மணிவாக்கில் ஹட்டனுக்கு வரும். சாப்பிட்டுவிட்டு ஏறி, படுத்து எழும்பினால் விடியற்காலையில் கோட்டை. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கோ, கடவுச்சீட்டு வேலைக்கோ, விமான நிலையத்துக்கோ போகிறவர்களுக்கு இதைவிட வசதியான வழி இல்லை. அறைக்குக் காசு செலவழிப்பதானால் மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கும் திசையில் செலவழியுங்கள்.

பதுளைக்காரர்கள் இரு திசைக்கும் எடுக்கலாம். கண்டியில் இருப்பவர்கள் நைட் மெயில் கண்டிக்குள் வராது என்பதை மறக்கக்கூடாது. பேராதனைச் சந்திக்கு வந்து ஏற வேண்டும். நேர அட்டவணை அவ்வப்போது பத்து இருபது நிமிடம் முன்னே பின்னே மாறும். பயணத்துக்கு முதல் நாள் 1919க்கு எடுத்துக் கேட்டுவிடுங்கள், தமிழிலும் பதில் சொல்வார்கள்.

பதிவு திறக்கும் நாளைக் கணக்கிடுதல்

முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும், வழக்கமாகக் காலை 10 மணிக்கு. தைப்பொங்கலுக்கு ஜனவரி 13ஆம் திகதி இரவு ஏறுவதானால் டிசம்பர் 14ஆம் திகதி காலையில் நீங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மாதம் 31 நாள் என்றால் ஒரு நாள் நழுவும். விரலில் எண்ணாமல் நாட்காட்டியில் எண்ணுங்கள்.

இரவு ரயிலுக்கே உரிய இன்னொரு பொறி உண்டு. பதிவில் கேட்கும் திகதி ரயில் புறப்படும் திகதியா, நீங்கள் ஏறும் திகதியா என்று பார்க்காமல் விட்டால் ஒரு நாள் பிந்திய டிக்கட் கையில் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் ரயில் வரும் நாவலப்பிட்டி போன்ற இடங்களில் ஏறுகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். கோட்டையில் 13ஆம் திகதி இரவு புறப்பட்ட ரயில் உங்கள் ஊருக்கு வரும்போது 14 ஆகியிருக்கும். பணம் கட்டும் முன் திரையில் வரும் சுருக்கத்தில் ஏறும் ஸ்டேசனுக்கு நேரே உள்ள திகதியையும் நேரத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

கூட்டம் கூடும் நாட்கள் மலையகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்திய இரண்டு மூன்று இரவுகள், பொங்கல், ஏப்ரல் புத்தாண்டு, பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகள், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறை. இவற்றோடு சிவனொளிபாதமலைப் பருவமும் சேரும். டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் போயா வரை ஹட்டன் வரைக்கும் ரயில் நிரம்பி வழியும். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இரவில் ஊருக்குப் போகிற தீபாவளி வாரத்தில் அறை வேண்டுமென்றால் பதிவு திறக்கும் அந்தப் பத்து மணிதான் ஒரே வாய்ப்பு. பதினொரு மணிக்குப் பார்க்கலாம் என்று இருந்தால் வேலைக்காகாது. சாதாரணக் கிழமை நாள், செவ்வாய் புதன் என்றால் ஒரு வாரத்துக்கு முன்கூடக் கிடைப்பதுண்டு.

இணையத்தில் எடுப்பது

முதல் நாள் இரவே தயாராக வேண்டியவை இவை. பயணிகள் எல்லோருடைய பெயரும் தேசிய அடையாள அட்டை எண்ணும் ஃபோன் குறிப்பில் தட்டச்சு செய்து வைத்திருக்க வேண்டும், அப்படியே பிரதி எடுத்து ஒட்டுவதற்கு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். யாருடைய அட்டை எது என்று பார்த்து எழுதுங்கள். வங்கி அட்டையில் இணையக் கொள்வனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீடு எந்த இலக்கத்துக்கு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த சிம் அண்ணனிடம் கொழும்பில் இருந்தால் எல்லாம் வீண்.

தோட்டத்தில் இருக்கிறவர்கள் சிக்னலை நம்ப வேண்டாம். லயத்து வாசலில் இரண்டு கோடு காட்டும், குறியீடு வரும் நேரத்தில் போய்விடும். அன்று காலை டவுனுக்கு இறங்கிவிடுங்கள். பஸ் செலவு டிக்கட் தவறுவதைவிட மலிவு.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னே புகையிரதத் திணைக்களத்தின் ஆசனப் பதிவுத் தளத்தைத் திறந்து வையுங்கள். ஏறும் ஸ்டேசன், இறங்கும் ஸ்டேசன், திகதி, பயணிகள் தொகை என்று நிரப்பித் தேடினால் ரயில்களும் வகுப்புகளும் வரிசையாக வரும். முதலாம் வகுப்புப் படுக்கையைத் தெரிந்தெடுத்ததும் இடம் தேர்கிற கட்டம் வரும். இங்கே நிதானம் வேண்டும். காலியாக இருக்கும் முதல் இரண்டு எண்ணைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். அடுத்தடுத்த எண் என்பதால் ஒரே அறை என்று ஆகிவிடாது. நான்கும் ஐந்தும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கலாம். படத்தில் ஒரே பெட்டிக்குள் வரைந்திருக்கும் இரண்டையும் பாருங்கள். ஒன்று ஏற்கெனவே போயிருந்தால் அந்த அறையை விட்டுவிட்டு இரண்டும் காலியான அறைக்குப் போங்கள். பெட்டியின் நடுவிலுள்ள அறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரத்து அறைகள் சக்கரத்துக்கு மேலே வரும், சத்தமும் அதிர்வும் அங்கே கூடுதல்; வாசல் திறந்து மூடும் ஓசையும் சேர்ந்துவரும்.

எல்லாவற்றையும் ஒரே பதிவில், ஒரே கொடுப்பனவில் எடுங்கள். ‘நீ ஒன்று எடு, நான் ஒன்று எடுக்கிறேன்’ என்று இரண்டு ஃபோனில் ஆளுக்கொன்றாக முயல்வதால்தான் இருவரும் இரண்டு அறையில் போய் விழுகிறார்கள். பணம் வெட்டப்பட்டு டிக்கட் வராமல் திரை உறைந்துவிட்டால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் பார்த்து, வங்கிக் கணக்கையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

டிக்கட்டில் அச்சாகும் அடையாள அட்டை எண்ணும் உங்கள் கையிலுள்ள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். 2025 ஜனவரியில் எல்ல போகும் ரயில்களின் இணைய டிக்கட்டுகளை அள்ளி எடுத்துக் கூடிய விலைக்கு விற்ற விவகாரம் வெளியே வந்து கைதுகளும் நடந்தன. அதற்குப் பிறகு இன்னொருவர் பெயரிலுள்ள டிக்கட்டோடு ஏறுவது பெரும் தலைவலி. ஸ்டேசன் வாசலில் ‘பர்த் இருக்கு’ என்று வருகிறவரிடம் பேச்சே வேண்டாம்.

கவுன்டரில் எடுப்பது

எங்களைக் கேட்டால், முதன்முறை போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கவுன்டர்தான் நல்லது. காரணம் ஒன்றுதான்: வாயால் கேட்கலாம். திரை ‘ஒரே அறை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம்; கவுன்டரில் இருப்பவர் சொல்வார். கோட்டையிலும், ஹட்டன், நானுஓயா, பண்டாரவளை, பதுளை போன்ற பெரிய ஸ்டேசன்களிலும் பதிவு செய்யலாம். தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் ‘எகம காமரே பர்த் தெகக்’ என்று சொல்லுங்கள், ஒரே அறையில் இரண்டு படுக்கை என்று பொருள். திகதி, ரயில், பெயர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி நீட்டினால் பெயரில் எழுத்துப் பிழை வராது.

அரசாங்கம் தரும் பயண வாரண்டில் போகும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் வாரண்டை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கே போங்கள். வாரண்ட் எந்த வகுப்புக்கு என்று பார்த்து, படுக்கைக்குக் கூடுதலாக என்ன கட்ட வேண்டும் என்பதை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ரயிலேறிய பிறகு பேசித் தீர்க்கிற விஷயமல்ல அது.

டிக்கட் கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகராமல் நான்கைப் பாருங்கள்: திகதி, ரயில் எண், திசை, படுக்கை எண்கள். திசை ஏன் என்றால், கோட்டை–பதுளை என்பதும் பதுளை–கோட்டை என்பதும் அவசரத்தில் மாறி அச்சாவது நடக்கிறதுதான்.

தனியாள் முழு அறையை எடுப்பது

இது கொஞ்சம் நுணுக்கம். ஒருவரே இரண்டு படுக்கைக்கும் கட்டலாம், ஆனால் இரண்டாவது பயணிக்கும் பெயரும் அடையாள எண்ணும் கேட்கும். இல்லாத ஒருவரின் எண்ணைப் போட்டு, அவர் வரவில்லை என்றால், காலியாகக் கிடக்கும் படுக்கையை ரயில் பொறுப்பாளரான கார்ட் வேறொருவருக்குக் கொடுக்கப் பார்ப்பது இயல்பு. ஏறியவுடனே பெட்டிப் பொறுப்பாளரிடம் இரண்டு டிக்கட்டையும் காட்டி, ‘இரண்டுக்கும் நான்தான் கட்டியிருக்கிறேன், அறை எனக்கே’ என்று சொல்லிவிட வேண்டும். ரயில் கிளம்பி வெயாங்கொடை தாண்டிய பிறகு சொன்னால் அதற்குள் மேலே ஒருவர் படுத்திருப்பார். இந்த விஷயத்தைக் கவுன்டரில் எடுக்கும்போதே சொல்லி எடுத்தால் சச்சரவு குறைவு.

தனியாகப் போகும் பெண்கள் ஒரே படுக்கை மட்டும் எடுத்து, மற்றதில் பெண்ணே வருவார் என்று எதிர்பார்த்துப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டையும் எடுங்கள், அல்லது துணையோடு போங்கள். இரண்டும் முடியாவிட்டால் ஆட்கள் நிறைந்த இரண்டாம் வகுப்பு இருக்கையே மேல். பூட்டிய அறையில் தெரியாத ஆளோடு இருப்பதைவிட வெளிச்சத்தில் நாற்பது பேரோடு இருப்பது பயமில்லை.

ஏறியதும் பத்து நிமிடம்

அரை மணி நேரம் முன்னதாகவே மேடைக்கு வந்துவிடுங்கள். இணையப் பதிவு என்றால் அந்தச் செய்தியில் கவுன்டரில் காட்டி மாற்றும்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அப்படியானால் இன்னும் முன்னே வாருங்கள். வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடுங்கள்.

அறைக்குள் போனதும் மூட்டையை விரிக்காதீர்கள். முதலில் கதவு. உள்ளே இருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கூட வந்தவரை வெளியிலிருந்து தள்ளச் சொல்லுங்கள். கொக்கி தளர்ந்திருந்தால் ரம்புக்கனைக்கு மேல் வளைவு தொடங்கியதும் அது தானாக ஆடி ஆடிக் கழன்றுவிடும். மலைப்பாதையில் வளைவுகள் சில இடங்களில் சுமார் நூறு மீட்டர் ஆரம் அளவுக்கு இறுக்கமானவை. சக்கரம் கிறீச்சிடும், பெட்டி ஒரு பக்கம் சாயும், உடனே மறுபக்கம் சாயும். ஓர் அட்டைத் துண்டை நான்காக மடித்துக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் செருகிவிட்டால் ஆட்டமும் நிற்கும், டக்டக் சத்தமும் நிற்கும். பிஸ்கட் பெட்டியின் அட்டை போதும். தாழ்ப்பாள் வேலையே செய்யாவிட்டால் ரயில் கிளம்பும் முன் கார்டிடம் சொல்லுங்கள். வேறு அறை காலியாக இருந்தால் மாற்றிக் கொடுக்க அப்போதுதான் முடியும்.

பிறகு சன்னல். மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பாதியில் சிக்கிக்கொள்ளும் சன்னல் கொழும்பில் காற்றுக்கு நல்லது, குளிர் மிகுந்த பட்டிப்பொலவில் உயிரை எடுத்துவிடும். மின்விசிறி, விளக்கு, குழாயில் தண்ணீர் மூன்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேல் படுக்கையின் சங்கிலியோ பட்டியோ இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏற வேண்டும்.

குளிரும் புகையும்

கோட்டையில் வியர்த்துக் கொட்டும். அதை நம்பி ஒரு சாரமும் பனியனுமாகப் படுத்துவிட்டால் மூன்று மணிக்குப் பல் கிட்டிக்கும். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல், நானுஓயா 1,600 மீட்டருக்கு மேல், பட்டிப்பொல சுமார் 1,890 மீட்டர். நாட்டிலேயே உயரமான ரயில் ஸ்டேசன் அதுதான். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழும் இரவுகள் உண்டு. ரயிலில் தரும் விரிப்பை மட்டும் நம்பாமல் ஆளுக்கொரு கம்பளி, காலுறை, பிள்ளைக்குக் காது மூடும் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளியைப் பையின் அடியில் போடாமல் மேலே வையுங்கள், இருட்டில் தேட வேண்டாம்.

சன்னலை நாவலப்பிட்டியில் மூடிவிடுவது நல்ல பழக்கம். அதற்கு மேல் 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் திணறும், புகை கூடும், சுரங்கத்துக்குள் அந்தப் புகை போக வழியில்லாமல் சன்னலுக்குள் வரும். வட்டவளைப் பக்கம் மழையும் சேரும். முழுக்க மூடினால் மூச்சு முட்டுகிறது என்றால் இரண்டு விரல் அகலம் விட்டு, அந்த இடுக்கில் ஒரு துவாயைச் செருகுங்கள்.

இருவருக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், இரவுச் சாப்பாடு, சிறிய டோர்ச், ரப்பர் செருப்பு போதும். பகல் கோச்சியில் போல வடைக்காரர் வரிசையாக வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பணம், அடையாள அட்டை, ஃபோன் மூன்றும் தலையணை உறைக்குள். கழிப்பறைக்குப் போகும்போது ஒருவர் அறையில் இருக்கட்டும். வெளியிலிருந்து பூட்ட முடியாத அறையை ஆளில்லாமல் விடக்கூடாது.

தவறாமல் இறங்குவது

பதுளைக்குக் கவலையில்லை, அதற்கு மேல் தண்டவாளமே இல்லை. நடுவில் இறங்குகிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை. பூட்டிய அறைக்குள் ஸ்டேசன் பெயரைக் கூவுவது கேட்காது. ஏறும்போதே பொறுப்பாளரிடம் சொல்லி வையுங்கள். அதோடு நிற்காமல் ஃபோனில் இரண்டு அலாரம் வையுங்கள், ஒன்று அட்டவணை நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னே, மற்றது இருபது நிமிடம் முன்னே. ரயில் பிந்தினால் அலாரமும் பிந்த வேண்டும், ஆகவே முதல் அலாரத்துக்கு எழும்பியதும் எந்த ஸ்டேசன் கடந்தது என்று பாருங்கள்.

ஹட்டனுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் நீளமான சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. பதுளைப் பக்கமிருந்து வருகிறவர்கள் அந்த நீண்ட இருட்டுச் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கலாம், அடுத்தது ஹட்டன். கொழும்பிலிருந்து போகிறவருக்கு அந்தச் சத்தம் கேட்டால் ஹட்டன் போய்விட்டது என்று அர்த்தம். கொட்டகலையில் இறங்கி விடியும் வரை உட்கார வேண்டியதுதான். நானுஓயாவுக்கு முன்னால் வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், றதல்ல என்று வரும். வட்டகொடையில் எழும்பினால் போதுமான நேரம் இருக்கும்.

நானுஓயாவில் விடியுமுன் இறங்கி நுவரெலியா போக வேண்டியவர்கள் ஓட்டோவை முதல் நாளே பேசி வையுங்கள். எட்டு கிலோமீட்டர்வாக்கில்தான் என்றாலும் அந்த நேரத்தில் கேட்கிற விலை வேறு.

ஹப்புத்தளைக்கு அப்பால் போகிறவர்கள் ஆறு மணிக்கு முன் எழும்பிச் சன்னலைத் திறந்துவிடுங்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் காலை வெளிச்சத்தில் வரும். பகல் ரயிலில் தொங்கிக்கொண்டு பார்ப்பதை நீங்கள் படுக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பாதை உடைந்தால், பெட்டி வராவிட்டால்

மழைக்காலத்தில் மண்சரிவு மலைப்பாதையை எந்நேரமும் மறிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பாதை பல இடங்களில் சிதைந்துபோனது. ஆகவே டிக்கட் எடுக்கும் முன்னும், ஏறும் அன்று மதியமும் ‘இன்று ரயில் எதுவரை போகிறது’ என்று கேளுங்கள். ‘ரயில் ஓடுகிறதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்பார்கள். நாவலப்பிட்டி வரை ஓடினாலும் ஓடுகிறதுதானே. பாதியில் நிறுத்தினால் பஸ்ஸுக்குக் கையில் காசு வைத்திருங்கள். கொழும்பிலேயே தெரிந்துவிட்டால் புறக்கோட்டையிலிருந்து அவிசாவளை வழி ஹட்டன், நுவரெலியா பஸ்ஸைப் பிடிக்கலாம்.

சில இரவுகளில் படுக்கைப் பெட்டியே இணைக்கப்படாமல் வேறு பெட்டி வரும். கோபப்பட்டுப் பயனில்லை. ஸ்டேசன் மாஸ்டரிடமோ கார்டிடமோ போய், ‘படுக்கை தரப்படவில்லை’ என்று டிக்கட்டில் எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். பணம் திரும்பக் கேட்க அந்த ஒரு வரி வேண்டும்; அது இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் செவிசாய்க்க மாட்டார்கள். டிக்கட்டைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் தாண்டினால் கதை வேறு

பழனி, வேளாங்கண்ணி, சபரிமலை என்று இந்தியா போகும் நம்மவர்கள் இங்கே பழகியதை அங்கே எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். சென்னை–மதுரை பாண்டியன் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில்களில் கதவு பூட்டும் அறை முதல் வகுப்பு ஏசியில் மட்டும்தான். அதில் இரண்டு வகை: நான்கு படுக்கை உள்ள கேபின், இரண்டு படுக்கை உள்ள கூப்பே. டிக்கட் எடுக்கும்போது இடத்தை நீங்கள் தேர முடியாது. உறுதி என்று மட்டும் வரும், எண் வராது. ரயில் புறப்படப் பல மணி நேரம் முன்னே சார்ட் என்ற பயணிகள் பட்டியலைத் தயாரிக்கும்போதுதான் யாருக்கு எது என்று ஒதுக்குவார்கள். இருவருக்குக் கூப்பேதான் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கேபினில் வேறு இருவரோடு விழலாம்.

வாய்ப்பைக் கூட்ட வழி உண்டு. இருவரும் ஒரே பிஎன்ஆர் எண்ணில், அதாவது ஒரே பதிவு எண்ணில், இருக்க வேண்டும். மூவராகப் போனால் கேபினில் நான்காமவர் ஒருவர் வருவார், நால்வராகப் போனால் முழுக் கேபினும் கிடைக்க நல்ல வாய்ப்பு. ஆகவே முழுத் தனிமை முக்கியம் என்றால் இரண்டு அல்லது நான்கு என்ற கணக்கில் எடுங்கள். புறப்படும் ஊரின் பதிவு அலுவலகத்தில் தலைமைக் கண்காணிப்பாளரிடம், சார்ட் போடும் முன்பு, பிஎன்ஆர் எண்ணோடு கூப்பே வேண்டி ஒரு கடிதம் கொடுக்கலாம். புதுமணத் தம்பதி, வயதானவர், கைக்குழந்தை என்று காரணத்தையும் எழுதுங்கள்.

பொதுப் பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் இந்தக் கணக்கு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கான சுற்றுலா ஒதுக்கீட்டில் 365 நாட்களுக்கு முன்பே எடுக்கலாம். இந்திய ரயில் டிக்கட் தளமான ஐஆர்சிடிசியில் கணக்கை இலங்கை ஃபோன் எண்ணோடு திறக்கச் சில நாள் இழுக்கும், ஆகவே விசா வேலையோடு சேர்த்தே அதையும் தொடங்குங்கள்.

சார்ட் வந்ததும் பிஎன்ஆர் நிலையைப் பாருங்கள். பெட்டி எண்ணோடு அறை எழுத்தும் படுக்கை எண்ணும் வரும். இருவரும் இரண்டு அறையில் விழுந்திருந்தால் ரயிலேறியவுடன், மற்றவர்கள் படுக்கையை விரிக்கும் முன், டிக்கட் பரிசோதகரிடம் பேசுங்கள். தனியாக வந்த ஒருவரோடு இடம் மாற்றிக்கொள்ள அவர் கேட்டால் பெரும்பாலும் நடக்கும். நீங்களே போய்க் கேட்டால் பத்தில் ஐந்துதான். வழியில் ஏற வேண்டிய பயணி அந்த அறைக்கு இருக்கிறாரா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சென்னை எழும்பூர் ஸ்டேசனில் காலியாக இருந்த படுக்கைக்கு விழுப்புரத்திலோ திருச்சியிலோ நள்ளிரவில் ஆள் வந்து கதவைத் தட்டலாம்.